மழலைக்குக் காத்திருக்கும் இல்லங்கள்

(கந்த சஷ்டி விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சஷ்டி நாட்களில் குமரகுருபர சுவாமிகளின் வரலாறு பேசப்படாத முருகன் கோயில் அரிது. 17ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் மகவாகத் தோன்றிய அவர், ஐந்து வயது வரை வாய் பேசாதிருந்தார் என்பர். பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்று சந்நிதியில் நோன்பிருந்தனர். பேச்சு வந்தது, கந்தர் கலிவெண்பாவும் பிறந்தது.

இவ்வரலாற்றை இன்று சில இல்லங்களில் எடுத்தாளும் விதமே கவலைக்குரியது. இரண்டு வயது நிறைந்தும் 'அம்மா' என்றழையாத பிள்ளையை எண்ணித் தாய் கலங்குகிறாள். "பயப்படாதேம்மா, குமரகுருபரரே ஐந்து வயதில்தான் பேசினார், இவன் அப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்" என்று மாமியார் தேற்றுகிறார். அன்பிற் பிறந்த சொல்தான். ஆயினும் அச்சொல்லை நம்பி ஓராண்டு கழிந்துவிடுகிறது. செவிப்புலன் குறைந்த குழந்தைக்கு அந்த ஓராண்டு பேரிழப்பு.

ஒரு வயதையொட்டி ஓரிரு சொற்களும், இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொற்களும், 'அப்பா வா' என்பதுபோல் இரு சொல் சேர்த்துக் கூறும் திறனும் எதிர்பார்க்கப்படுகின்றன. பிந்திப் பேசும் பிள்ளைகளுள் பலர் தாமாகவே ஏனையோரை எட்டிவிடுகின்றனர் என்பது உண்மை. ஆனால் எந்தப் பிள்ளை எட்டும், எந்தப் பிள்ளை எட்டாது என்பதை இரண்டு வயதில் எவராலும் உறுதியாகக் கூற இயலாது. ஆகவேதான் சோதனை தேவைப்படுகிறது.

முதலில் காது. "கோயில் மணி அடித்தால் திரும்பிப் பார்க்கிறானே!" என்பர். காண்டாமணியின் ஓசை வேறு. மனிதப் பேச்சின் நுண்ணொலி வேறு. இலக்கணம் வல்லினம் என்று வகுத்த க, ச, த, ப முதலியனவே காதில் மெலிதாக விழும் ஒலிகள்! அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தையின் நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டால், மணியோசை கேட்கும். சொல் தெளிவாகக் கேளாது. பிறந்தபோது செய்த செவிச் சோதனையில் தேறிய குழந்தைக்கும் இது நேரலாம்.

அடுத்து, பிள்ளைக்குப் புரிகிறதா என்று நோக்குதல் வேண்டும். கையசைக்காமல் "செருப்பை எடுத்து வா" என்றால் எடுத்து வருகிறதா? வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா? பெயர் சொல்லி அழைத்தால் முகம் பார்க்கிறதா? இவை இல்லையெனினும், முன்பு சொன்ன சொற்களை இழந்துவிட்டதெனினும், ஒரு நாளும் தாமதித்தலாகாது. நாவில் வசம்பு தடவுவதால் பேச்சு வந்துவிடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தடவுவதோ ஆபத்தானது.

சிங்கப்பூர் இல்லங்களில் மற்றொரு துயரமும் நேர்கிறது. பாட்டி தமிழிலும், பெற்றோர் ஆங்கிலத்திலும் பேச, பணிப்பெண்ணின் மொழியும் பிள்ளையின் காதில் விழுகிறது. "பல மொழிகள் குழப்பும், தமிழை நிறுத்திவிடுங்கள்" என்று யாரோ அறிவுரை கூற, மறுநாள் முதல் பாட்டி தமக்குப் பழகாத ஆங்கிலத்தில் நாலு சொல் பேசிவிட்டு மௌனமாகிறார். தாலாட்டும் கதையும் நின்றுபோகின்றன. இரு மொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை என்பதே ஆய்வாளர் கண்ட முடிவு. தமிழில் 20 சொற்களும் ஆங்கிலத்தில் 30 சொற்களும் கூறும் பிள்ளைக்கு 50 சொற்கள் தெரியும் என்றே எண்ண வேண்டும். தமக்கு இயல்பான மொழியில் ஒருவர் பேசும்போதுதான் பிள்ளைக்கு வளமான பேச்சு கிடைக்கிறது. பாட்டியின் வாயை அடைப்பது மருந்தாகாது.

கைத்தொலைபேசிப் பாடல்களும் பேச்சுத் துணை ஆகா. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு வயதில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. குளிப்பாட்டும்போதும் பூத்தொடுக்கும்போதும் பொருளைக் காட்டி, பெயரைச் சொல்லி, பிள்ளை வாய் திறக்கச் சற்றுப் பொறுத்திருப்பதே நல்ல பயிற்சி.

குமரகுருபரரின் பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருக்கவில்லை. பிள்ளையை எடுத்துக்கொண்டு புறப்பட்டனர். இன்று அர்ச்சனைச் சீட்டு வாங்கும் கையே சுகாதாரக் கையேட்டையும் எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்குச் செல்லலாம். அங்கிருந்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அனுப்பி வைப்பர். அந்நாளில் பாட்டியையும் உடன் அழைத்துச் செல்வது நன்று. பிள்ளை என்னென்ன சொற்கள் கூறுகிறது என்று அங்கே கேட்பார்கள். 'ங்கா' என்றால் பால், 'மம்மு' என்றால் சோறு என்னும் அகராதி, பகலெல்லாம் பிள்ளையோடு இருக்கும் பாட்டியிடமே உள்ளது.