முதுகுவலியும் நமது கடமைகளும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய திருத்தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்கள்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத் உரைத்துத் தொடங்குகின்றோம்.

    

நமது பள்ளியின் கடைசி வரிசையில் சில நாற்காலிகள் போடப்பட்டிருப்பதை அனைவரும் அறிவீர்கள். அந்நாற்காலிகளில் அமர்ந்து தொழுகின்ற எங்கள் சார்பில்தான் இவ்வுரை. பேசுபவர் ஒருவரே ஆயினும் பேச்சு எங்கள் அனைவருடையது. எங்களுள் அரிசி மண்டியில் மூட்டை தூக்கியவர் உண்டு. வெற்றிலைக் கொடிக்காலில் குனிந்து நிமிர்ந்தே வயதைக் கழித்தவர் உண்டு. வளைகுடா நாட்டில் லாரி ஓட்டித் திரும்பியவர் உண்டு. தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தே கூன் விழுந்தவரும் உண்டு. தொழில் வேறு, வலி ஒன்று.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகின்றோம். நாற்காலியில் வந்து அமர்வதற்கு முன், பல மாதங்கள் ஜமாஅத் தொழுகைக்கே வராமல் வீட்டில் தொழுதவர்கள் எங்களுள் இருக்கின்றார்கள். நடந்து வர முடியாமல் அன்று, வெட்கத்தால் வரவில்லை. கால் முறிந்தவருக்குக் கட்டு இருக்கின்றது, காய்ச்சல்காரருக்குச் சூடு இருக்கின்றது. முதுகுவலிக்காரருக்குக் காட்டுவதற்கு எதுவும் இல்லை. "கடையில் நின்று வியாபாரம் செய்கிறவருக்குப் பள்ளியில் மட்டும் நாற்காலியா?" என்ற சொல் காதில் விழுந்த நாளும் உண்டு. உற்ற நண்பரின் ஜனாஸாவில் சந்தூக்கிற்குத் தோள் கொடுக்க இயலாமல் ஓரமாக நடந்த நாளும் உண்டு. இரண்டாவது நாள்தான் அதிகம் வலித்தது.

இது எங்கள் சிலருடைய குறை மட்டுமன்று. 2020ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேர் இடுப்பு முதுகுவலியோடு இருந்தனர் என்றும், 2050இல் அது 84 கோடியே 30 இலட்சமாகக் கூடும் என்றும் 2023இல் வெளியான உலகளாவிய கணக்கீடு கூறுகின்றது. மனிதரை முடக்கும் காரணங்களில் உலக அளவில் முதலிடம் இதற்கே.

நம் தஞ்சைத் தரணியில் இது ஏன் வீட்டுக்கு வீடு இருக்கின்றது என்பதை விளக்க வேண்டியதில்லை. குறுவை, சம்பா, தாளடி என எப்பருவமாயினும் நாற்றுப் பறிப்பது குனிந்து, நடவு குனிந்து, களை எடுப்பது குனிந்து, அறுப்பும் குனிந்து. இயந்திரம் வந்து அறுப்பைக் குறைத்தது. நடவும் களையும் பல ஊர்களில் இன்னும் பெண்களின் முதுகின் மீதே நடக்கின்றன. விளைந்த பின் மூட்டை. வயலோடு தொடர்பில்லாத நம் வீட்டுப் பெண்களும் தரையில் அமர்ந்து அரிந்து, அடிகுழாயில் நீரடித்து, குடத்தை இடுப்பில் ஏற்றி வந்தவர்களே.

அன்பர்களே! மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியையே மருத்துவர்கள் நாட்பட்ட வலி என்கின்றார்கள். இதனைப் பற்றி எங்களுக்கு இருந்த தவறான எண்ணங்கள் மூன்று. அவற்றால் ஆண்டுகளையும் பணத்தையும் இழந்தோம். மற்றவர்கள் இழக்கக் கூடாது என்பதற்காகவே இவற்றைச் சொல்கின்றோம்.

முதலாவது, படுத்துக் கிடந்தால் குணமாகும் என்ற எண்ணம். பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி நகரில் நடந்த ஓர் ஆய்வு 1995இல் வெளியாயிற்று. புதிதாக இடுப்பு பிடித்துக்கொண்டவர்களில் ஒரு பகுதியினரை இரண்டு நாள் படுக்கச் செய்தார்கள்; ஒரு பகுதியினருக்கு முதுகுப் பயிற்சி அளித்தார்கள்; மூன்றாம் பகுதியினரை வலி பொறுக்கும் அளவிற்கு அன்றாட வேலைகளைச் செய்துவரச் சொன்னார்கள். மூன்றாம் பகுதியினரே விரைவாகத் தேறினர். காரணம் எளியது. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. சத்து ஊறிச் செல்வதற்கு அசைவு துணை செய்கின்றது. முதுகைத் தாங்கும் தசைகளோ படுக்கையில் நாளுக்கு நாள் மெலிகின்றன. மெலிந்த தசையோடு எழுந்தால் வலி கூடுகின்றது; வலி கூடியதால் மீண்டும் படுக்கின்றோம். எங்களுள் மூன்று மாதம் படுத்தவர் எழுந்தபோது, ஹவுளு வரை நடக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, ஸ்கேன் படத்தில் கண்டதே நோய் என்ற எண்ணம். "வட்டு பிதுங்கியிருக்கிறது" என்று எழுதிய தாளைக் கண்டவுடன், இனி வாழ்வே முடிந்தது என்று அஞ்சினோம். முதுகில் வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் வெளியிட்டார்கள். வலியில்லாத 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் வட்டு பிதுங்கியிருந்தது. தலை நரைப்பதைப் போல முதுகும் வயதைக் காட்டுகின்றது. நாட்பட்ட இடுப்பு வலியுள்ளோரில் பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று சுட்டத்தக்க காரணம் கிடைப்பதில்லை. அதனால் வலி பொய் என்று பொருளன்று. வலி மெய், முதுகு உடைந்துவிட்டது என்ற அச்சம்தான் பொய்.

மூன்றாவது, மாத்திரையும் பெல்ட்டும் போதும் என்ற எண்ணம். மருந்துக் கடையில் பெயர் தெரியாத மாத்திரையை வாங்கி நாள்தோறும் விழுங்கினோம். வலிநிவாரணிகளை மருத்துவர் மேற்பார்வையின்றி நீண்டகாலம் உண்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் மிகுதி. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்பு வலிக்கென முதன்முறையாக வழிகாட்டுதல் வெளியிட்டது. நோயைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, மனத்திற்கு ஆறுதலும் தெளிவும் தரும் சிகிச்சை, மருத்துவர் அறிந்து தரும் சில மருந்துகள் ஆகியவற்றை அது பரிந்துரைக்கின்றது. இடுப்புப் பட்டை, இழுவைச் சிகிச்சை, அபின் வகை வலிமருந்துகள் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கின்றது.

ஆயினும் சில அடையாளங்களைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. சிறுநீரோ மலமோ அடக்க முடியாமற் போதல், அல்லது சிறுநீர் வராமல் நின்றுபோதல். தொடைகளின் நடுவே மரத்துப்போதல். கால் நாளுக்கு நாள் பலமிழத்தல். கீழே விழுந்தபின் தோன்றிய கடும் வலி. மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்த வலி. முன்பு புற்றுநோய் கண்டவருக்கு வரும் புதுவலி. காய்ச்சலோடும் மெலிவோடும் வருவது முதுகெலும்புக் காசநோயாகவும் இருக்கலாம். அது மருந்தால் தீரும் நோய். மறைத்தால் காலை முடக்கும் நோய். இத்தகையோர் சுளுக்கு வழிப்பவரிடம் செல்லாமல், தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.

இனி, வலியோடு நாங்கள் எவ்வாறு வாழக் கற்றோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கின்றோம்.

பஜ்ருத் தொழுகைக்குப் பின் வாய்க்கால் கரையில் நடக்கின்றோம். தொடக்கத்தில் ஐந்து நிமிடம். வாரந்தோறும் சிறிது கூட்டி, இப்போது அரை மணி நேரம். இடுப்பு வலி ஒருமுறை வந்து தேறியவர்களைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு ஒன்று 2024இல் வெளியாயிற்று. முறையாக நடைப்பயிற்சி பழகியவர்களில் பாதிப் பேருக்கு வலி மீள்வதற்கு 208 நாட்கள் ஆயின. பழகாதவர்களுக்கு 112 நாட்களே. நடைக்குக் கட்டணம் இல்லை. பிசியோதெரபி எனும் இயன்முறை மருத்துவம் அறிந்தவரிடம் இரண்டு மூன்று பயிற்சிகளைக் கற்று, அவற்றை விடாமல் செய்கின்றோம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவைப்படுவோர்க்கு வீட்டிற்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் ஓர் அங்கமாக வைக்கப்பட்டது.

வலி குறைந்த நாளில் வேலையனைத்தையும் முடித்துவிட்டு, மறுநாள் விழுந்து கிடப்பது எங்கள் பழைய வழக்கம். இப்போது நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்கின்றோம். பொருளைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, உடலோடு அணைத்துத் தூக்குகின்றோம். தூக்கியபடி இடுப்பைத் திருப்புவதில்லை. வலி மூண்டெழும் நாட்கள் இன்றும் வருகின்றன. அந்நாட்களில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, நடையைக் குறைத்துக்கொள்கின்றோம், நிறுத்துவதில்லை. வலி போய்விட்டது என்று சொல்லவில்லை. வாழ்க்கை திரும்பி வந்தது என்று சொல்கின்றோம். அல்ஹம்துலில்லாஹ்.

பொறுமை என்பது மருந்து தேடாமல் இருப்பதன்று. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்களே தோழர்களுக்கு அறிவுறுத்தியுள்ளார்கள். பொறுமைக்கு இலக்கணமான அய்யூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். நீண்ட துன்பத்திற்குப் பின் நிவாரணம் வந்தபோது, காலால் தரையில் உதைக்குமாறு அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டது, நீரூற்றுத் தோன்றியது. அல்லாஹ் நாடினால் உதைக்காமலும் ஊற்று வந்திருக்கும். ஆயினும் காலை அசைக்கும் பங்கு அடியாருக்கு வைக்கப்பட்டது. எங்களுக்கு அதில் பெரும் ஆறுதல் இருக்கின்றது.

தொழுகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐவேளை பர்ளுத் தொழுகையில் மட்டும் 17 ருகூவு, 34 ஸஜ்தா. இயன்றவர் முழுமையாகச் செய்தல் கடமை. இயலாதவர்க்கோ மார்க்கம் வழி வைத்துள்ளது. மூலநோயால் துன்புற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் கேட்டபோது, நின்று தொழவும், இயலாவிடில் அமர்ந்து தொழவும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்துத் தொழவும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதைப் புகாரி நூல் பதிவு செய்துள்ளது. குதிரையிலிருந்து விழுந்து விலாவில் காயமுற்றபோது நபி (ஸல்) அவர்களே அமர்ந்து தொழுவித்தார்கள். எனவே நாற்காலி கேட்பது வெட்கத்திற்குரியதன்று. யாருக்கு எந்த அளவு சலுகை உண்டு என்பதை இமாம் அவர்களிடம் தனியே கேட்டு அறிந்துகொள்க. கேட்டறிந்து அமர்ந்தவரை மற்றவர் எடைபோட வேண்டாம்.

நிர்வாகத்தாருக்கும் ஜமாஅத்தாருக்கும் எங்கள் வேண்டுகோள் நான்கு. ஒளுச் செய்யும் இடத்தில் உயரமான இருக்கைகள் இரண்டும், சுவரில் கைப்பிடிக் கம்பியும் அமைத்துத் தாருங்கள். ரமளானில் நோன்புக் கஞ்சி அண்டாவை இளைஞர்கள் இருவர் மூவராக நெஞ்சு நிமிர்த்தி இழுத்து இறக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, சக்கர வண்டி ஒன்று வாங்குவோம். இன்றைய வீரம் நாளைய நாற்காலி. ஆண்டுக்கு ஒருமுறையேனும், பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கி, இயன்முறை மருத்துவரைக் கொண்டு முகாம் நடத்துவோம். எங்களைவிட அதிக வலியோடு அடுப்படியில் நிற்பவர்கள் அவர்களே.

நான்காவது வேண்டுகோள், நிலமும் கொடிக்காலும் கடையும் மண்டியும் வைத்திருப்போருக்கு. ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவிற்கு மேற்படாதவாறு குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. அதன் பின்னரும் 75 கிலோ மூட்டைகள் மனித முதுகில் ஏறியதை இவ்வூர்களில் நாம் கண்டோம். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ சிப்பம் வந்துவிட்டது. நம் இடங்களிலும் மூட்டையைச் சிறிதாக்குவோம்; தள்ளுவண்டி வைப்போம். நின்றபடியே உருட்டிக் களையெடுக்கும் கோனோ கருவியை வயலுக்குக் கொண்டு வருவோம். பணியாளர் மீது சக்திக்கு மீறிய சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கை கொடுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. மூட்டை தூக்குபவர் எந்தச் சமயத்தவராயினும் அவர் முதுகு அல்லாஹ்வின் படைப்பே.

இறுதியாக, வலியை மறைத்து வீட்டிலேயே தொழுதுகொண்டிருக்கும் சகோதரர் எவரேனும் நம் மஹல்லாவில் இருந்தால், அவருக்குச் சொல்கின்றோம்: கடைசி வரிசையில் எங்கள் பக்கத்தில் இடம் இருக்கின்றது. வாருங்கள். பஜ்ருக்குப் பின் சேர்ந்து நடப்போம்.

வல்ல ரஹ்மான் நோயுற்றோர் அனைவருக்கும் ஷிபாவையும், அவர்களைப் பேணுவோருக்கு நற்கூலியையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.