நோயுற்ற பூனையும் நல்ல சமாரியனும்



தாதி பேச வந்தால் சர்க்கரை, இரத்த அழுத்தம் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று பூனையைப் பற்றிப் பேசுகிறேன். அண்மையில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் என்னிடம் ஓடி வந்தார்கள். “ஆன்ட்டி, கார் நிறுத்துமிடத்தில் ஒரு பூனை கண் திறக்காமல் கிடக்கிறது. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா?”

போகலாம் பிள்ளைகளே. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது.

நான் இங்கிலாந்தில் பயிற்சி பெற்றபோது முதலில் கற்றது, தொடுமுன் பார் என்பதே. வலியில் இருக்கும் பூனை கடிக்கும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். கிருமி ஆழத்தில் இறங்கிவிடும். கடிபட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள். சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநோய் இல்லை. ஆனால் நீங்கள் விடுமுறைக்குப் போகும் இந்தியாவில் உண்டு. அங்கே கடித்தாலும் கீறினாலும் அப்பா திட்டுவார் என்று மறைக்காதீர்கள். தடுப்பூசி தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

அடுத்து, காதைப் பாருங்கள். நுனி வெட்டியிருந்தால் அது கருத்தடை செய்யப்பட்ட பூனை. உணவு வைப்பவர் அக்கம்பக்கத்தில் இருக்கக்கூடும், விசாரியுங்கள். பிறகு ஒரு பெரியவர் துண்டால் போர்த்தி, துளையிட்ட பெட்டியில் வைத்து விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோகட்டும்.

நாங்கள் பெட்டி தேடுவதற்குள் ஒரு பாட்டி, பாவம், அரை பனடாலைப் பாலில் கரைக்கத் தொடங்கிவிட்டார். ஓடிப்போய்த் தடுத்தேன். அதை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், பூனை இறந்துவிடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் வயிற்றுப்போக்கைத் தரும். ஈஸ்டருக்கு நாம் வைக்கும் லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கலாம். பாட்டியின் அன்பில் குறையில்லை; அன்போடு அறிவும் வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

அந்தப் பூனை பிழைத்தது. ஒரு கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. நம் சபைக் குடும்பம் ஒன்று அதை ஏற்றுக்கொண்டது. தனி அறையில் வைத்து, வேளை தவறாமல் மருந்து போட்டார்கள். படர்தாமரை பிள்ளைகளுக்குத் தொற்றாதிருக்க, தொட்டபின் கை கழுவ வைத்தார்கள். அம்மா கர்ப்பமாக இருந்ததால் பூனையின் கழிவுத் தட்டை அப்பாவே சுத்தம் செய்தார். 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமமும் அடையாளச் சில்லும் வாங்கி, சன்னலுக்கு வலையும் போட்டார்கள்.

நல்ல சமாரியன் காயம் கட்டியதோடு போய்விடவில்லை. சத்திரத்துக்குக் கொண்டுபோனான், செலவைக் கொடுத்தான், திரும்பி வருவதாகவும் சொன்னான். இரக்கம் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். பராமரிப்புக்கோ நாள்கள் வேண்டும். வீட்டுப் பூனை 15 ஆண்டுகள்கூட வாழும். அவ்வளவு காலம் முடியாது என்று தெரிந்தால், மருத்துவரிடம் சேர்த்து, வளர்க்கக்கூடியவரைத் தேடிக் கொடுங்கள். அதுவும் முழு அன்புதான்.

பிள்ளைகளே, இனி அப்படி ஒன்றைக் கண்டால் உடனே தூக்காதீர்கள். கண்டும் காணாமல் போய்விடவும் வேண்டாம். ஒரு பெரியவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். பெரியவர்களே, அவர்கள் கூப்பிட்டால் எழுந்து போங்கள்.

கர்த்தர் உங்கள் கைகளின் ஊழியத்தை ஆசீர்வதிப்பாராக.