காவலின் குறையும் மிகையும்

வீட்டுக்குக் காவல் இருந்தால் மட்டும் போதாது. காவலாளி கள்வனையும் விருந்தினனையும் பிரித்தறிதல் வேண்டும். உடலின் நிர்ப்பீடனமும் அத்தகையதே.

அமெரிக்க இராணுவ வைத்தியரான ஒக்டன் புறூற்றன், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி 1952 ஆம் ஆண்டில் எழுதினார். நிமோனியாவை உண்டாக்கும் பற்றீரியா அவனது குருதியிற் பன்முறை புகுந்து வருத்தியது. ஆராய்ந்தபோது, பிறபொருளெதிரிகள் அடங்கிய காமா குளோபுலின் என்னும் புரதம் அக்குருதியிற் காணப்படவில்லை. மாதந்தோறும் அப்புரதத்தை ஊசிமூலம் செலுத்தவே அவன் நலம்பெற்றான். இது காவல் இன்மையால் வந்த கேடு.

காவல் மிகுந்தால் நன்மையன்றோ எனச் சிலர் எண்ணக்கூடும். அதுவும் தவறு. ஒவ்வாமையோடு தொடர்புடைய கரப்பனிலே, தீங்கற்ற பொருளையும் பகையெனக் கொண்டு உடல் போரிடுகின்றது. தோல் அழன்று வெடிக்கின்றது. சொறியும் நகம் அதனை மேலும் கீறுகின்றது. அவ்வழியே சீழ் உண்டாக்கும் பற்றீரியா எளிதிற் குடிபுகும். பெரியவர் ஒருவரின் உதட்டுக் கொப்புளத்திலுள்ள வைரசு, கரப்பனுடைய குழந்தையின் மேனியிற் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆதலால், உதட்டிற் கொப்புளமுடையார் அக்குழந்தையை முத்தமிடலாகாது. காய்ச்சலோடு கொப்புளங்கள் பரவின், உடனே வைத்தியரை நாடுதல் வேண்டும். கரப்பன் வெறுஞ் சொறியன்று. உடலின் மதிலில் விழுந்த வெடிப்பு அது.