சுதைத் திருமேனியும் தூய்மைப் பணியும்



திருக்குடமுழுக்கிற்கு நாள் குறித்தவுடன், திருப்பணிகளுள் முதற்கண் நினைக்கப்பெறுவது கோபுரத்தையும் விமானத்தையும் மதிலையும் தூய்மை செய்தலாம். மழையிற் படர்ந்து வெயிலிற் கருகிய பாசியும், புகைக்கரியும், புறாவின் எச்சமும் சுதை வடிவங்களின் முகத்தை மறைத்து நிற்கின்றன. அவற்றை நீக்குதல், உழவாரப் படை தாங்கிய திருநாவுக்கரசு சுவாமிகளின் வழிநிற்போர்க்கு உரிய கடனேயாம். ஆயினும் நீக்கற்பாலது யாது, நிறுத்தற்பாலது யாது என்று ஆராயாது செய்யும் தூய்மை, களிம்பைப் போக்கப் புகுந்து செம்பையே கரைத்ததாய் முடியும்.

சுதையாவது யாது? சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்திற் சுட்டு, நீரிட்டு நீற்றி, மணலொடு கூட்டி அரைத்த சாந்தே சுதை. பூசிய பின்னர் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று, மீண்டும் கல்லின் தன்மை எய்தி இறுகுகின்றது. இக்கல்லைக் கரைக்கும் ஆற்றல் அமிலத்திற்கு உண்டு. குத்துவிளக்கைத் துலக்கும் புளியும் எலுமிச்சையும் கூடச் சுதைக்குப் பகையே. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தெளித்த மாத்திரத்தில் நுரை பொங்கும், சுவர் வெளுக்கும், கண்டோர் மகிழ்வர். அந்நுரை அழுக்கின் அழிவன்று. சுதையே கரைந்து வாயு வெளிப்படும் அடையாளம் என்க. இமை, இதழ், விரல், அணிகலனின் மணி ஆகிய நுண்பணிகளே முதலில் மாய்வன. சிமெண்டால் ஆகிய வடிவங்கட்கும் இஃது ஒக்கும்.

அமிலம் ஆகாதெனின் காரம் ஆகுமோ எனின், அதுவும் ஆகாது. காஸ்டிக் சோடா சுவருள் உப்பைத் தங்கவைக்கும். அவ்வுப்பு உலருங்கால் பூத்து மேற்பூச்சைப் பெயர்க்கும். பிளீச்சிங் பவுடர் பாசியைக் கொல்லுமாயினும் உப்பை எஞ்ச விட்டு, வண்ணத்தையும் வெளிறச் செய்யும். மணலை வீசியடித்தலும், மிகுவிசை நீரும், இரும்புக் கம்பித் தூரிகையும் சுதையின் இறுகிய மேற்றோலை உரித்துவிடுவன.

இனிச் செய்யத்தக்க முறை கூறுதும். முதலாவது, ஈரமின்றி மென்மையான நார்த் தூரிகையால் தூசும் எச்சமும் துடைத்தல். இரண்டாவது, மெல்லிய விசையில் தூய நீரால் கழுவுதல். சுவரைக் கீழிருந்து மேலாக நனைத்து, மேலிருந்து கீழாக அலசினால் அழுக்குநீர் வரிவரியாய்க் கறைபடியாது. மூன்றாவது, அதிலும் நீங்காத பாசிக்கு, நூறு பங்கு நீரில் ஓரிரு பங்கு அம்மோனியாவும் சிறிது மென்சோப்பும் கலந்த கரைசல். இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியற் பிரிவினர் பழைய சின்னங்களிற் கையாண்டு வந்த முறை இது. அம்மோனியா ஆவியாகிப் போதலின் உப்பை எஞ்ச விடாது. எனினும் செம்பை அரிக்குமாதலின் கலசங்களில் அது படலாகாது. கறை ஆழ்ந்திருப்பின், முல்தானி மண்ணைக் குழைத்து அப்பி, உலர்ந்தபின் கழுவுதல் நன்று. சுண்ணாம்பின் இனமாகிய சலவைக்கல்லால் ஆகிய தாஜ்மகாலும் இம்முறையாலேயே துலக்கப்பெறுகின்றது.

எம்முறையாயினும் மறைவானதோர் இடத்தில் ஒரு சாண் அளவு செய்து, உலரவிட்டு, கையால் தடவிக் காண்க. கையில் மாவு ஒட்டுமாயினும், தட்டுங்கால் உள்ளீடற்ற ஓசை எழுமாயினும், கழுவுதலை நிறுத்தி முதலிற் சுதைவேலை வல்ல ஸ்தபதியை அழைத்தல் வேண்டும். பழம் பூச்சின் அடியில் யாதுளது என்பதையும் ஓர்தல் வேண்டும். இராசசிம்ம பல்லவன் எடுத்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் மறைந்திருந்த ஓவியங்களை 1931-இல் பிரெஞ்சு அறிஞர் சூவோ துப்ரேல் கண்டறிந்தார். அதற்கு முன் எவரேனும் அச்சுவர்களை அமிலத்தால் வெளுத்திருப்பரேல், கண்டறிதற்கு எஞ்சியது யாது?

சாரத்தின்மேல் நின்று பணிசெய்வோர் உயிரும் பேணற்பாலது. பிளீச்சிங் பவுடரொடு அமிலமோ அம்மோனியாவோ கலப்பின் நச்சு வாயு தோன்றும். அவற்றை ஒருகாலும் ஒன்றுசேர்த்தல் ஆகாது. கண்ணுக்கும் கைக்கும் காப்பு அளித்தல் திருப்பணிக் குழுவின் பொறுப்பாம். பாசிக்கு வேர் ஈரமாதலின், நீர்க்கசிவை அடைக்காது கழுவுவோர் ஆண்டுதோறும் கழுவுவர்; ஆண்டுதோறும் சுதையும் தேயும்.

நாள் நெருங்குகின்றதென்று விரைவோர்க்கு ஒன்று கூறி அமைதல் தகும். சிறிது கருமை எஞ்சிய திருமுகத்தை அடுத்த குடமுழுக்கிற் செம்மை செய்யலாம். கரைந்தழிந்த திருமுகத்தை எக்குடமுழுக்கும் மீட்டுத் தாராது. பழஞ்சிற்பி தன் கையால் வகுத்த கண்ணும் நகையும் பின்வரும் தலைமுறையும் கண்டு தொழற்கு நிற்றல் வேண்டும். அவற்றைக் காத்தலே தூய்மைப் பணியின் பயன்.

திருச்சிற்றம்பலம்.