அப்பா ரூமுக்கு ரெண்டு வெள்ளை

இந்த வாரம் பெயிண்ட் கதை. அப்பா ரூமுக்கு ரெண்டு ஆஃப் ஒயிட்டில் ஒன்றை எடுக்கணும். ஆறு வாரமா இதே வேலை, இன்னும் முடியல.

ஒண்ணு லேசா மஞ்சள் ஓடுற ஐவரி. இன்னொண்ணு துளி சாம்பல் கலந்தது. ஷேட் கார்டில் பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான் வித்தியாசமே தெரியும். எல்.ஆர்.வி.ன்னு ஒரு எண் இருக்கு. சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்னு 0 முதல் 100 வரை சொல்ற அளவு. ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண். ஆனா மஞ்சள் பக்கம் சாயுதா, நீலத்துப் பக்கமான்னு அந்த எண் சொல்லாது.

அதனால சாம்பிள் டப்பா வாங்கி, ரெண்டு பெரிய வெள்ளை அட்டையில் ரெண்டு கோட்டு அடிச்சேன். நேரா சுவரில் அடிக்காதீங்க, பக்கத்துல இருக்கிற பழைய நிறம் கண்ணை ஏமாத்திடும். மத்தியானம் ரெண்டும் ஒண்ணு. சாயங்காலம் மேற்கு ஜன்னல் வெயில்ல ஐவரி அப்படியே வெண்ணெய். ராத்திரி 6500 கெல்வின் டியூப்லைட் போட்டா சாம்பல் வெள்ளை ஆஸ்பத்திரி வராண்டா ஆயிடுது! 3000 கெல்வின் பல்புக்கு மாத்தினேன், அதே அட்டை சாதுவாயிடுச்சு. முதல்ல பல்பை முடிவு பண்ணுங்க, அப்புறம் பெயிண்ட்.

அப்பா மட்டும் எந்த வெளிச்சத்திலும், "ரெண்டும் ஒண்ணுதானேம்மா, எதையாவது அடி"ன்னார். "உங்க ரூமுப்பா, கொஞ்சமாவது பாருங்களேன்"னு கத்திட்டேன்.

பெயிண்டர் அண்ணன்தான் சொன்னார்: "சார் ஸ்விட்ச்சைத் தடவித் தேடுறாரு. கண்ணைக் காட்டுங்க."

ரெண்டு கண்ணிலும் புரை. புரை முத்தும்போது கண்ணின் லென்ஸ் மஞ்சளடிச்சுப் போகும், நீல ஒளியை வடிகட்டிடும். நான் அலட்சியம்னு நினைச்சது அது இல்லை. அவருக்கு நிஜமாவே ரெண்டும் ஒண்ணுதான்.

வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆச்சு. சில நாள் கழிச்சு அவரே அட்டைகளை எடுத்து மடியில் வெச்சு, ஒவ்வொரு கண்ணா மூடி மூடிப் பார்த்தார். "வலதுல இது மஞ்சள், அது வெள்ளை. இடதுல ரெண்டும் மஞ்சள்." அப்புறம் குனிஞ்சு, "இந்தச் சட்டை இவ்வளவு நீலமா?"ன்னார். அது நான் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சட்டை.

இடது கண்ணுக்கு அடுத்த மாசம் தேதி. அதுவரைக்கும் பிரைமரோட நிறுத்தச் சொல்லியிருக்கேன். எந்த வெள்ளைன்னு அப்பாதான் சொல்லுவார்.