ஆளில்லாப் படைக்கலமும் நம் பிள்ளைகளின் உத்தியோகமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் பேராசிரியர்களும் புலவர்களும் பேசக் கேட்டிருக்கிறீர்கள். இவ்வாண்டு அத்தகைய அறிஞர் எவரும் அகப்படாமையால், மெட்ரிகுலேஷன் தேறியதோடு படிப்பை நிறுத்தி, தந்தையார் காலமானபின் கருணை அடிப்படையில் ரயில்வேயில் புகுந்து, பார்சல் அலுவலகத்துப் பேரேட்டோடு இருபதாண்டுக் காலத்தைக் கழித்துவிட்ட எம்மைப் பேசும்படி செயலாளர் பணித்தார். இலக்கியம் பேச எமக்குத் துணிவில்லை. ஆகவே, சென்ற மூன்று வாரங்களாக எமது இல்லத்தில் ஊணையும் உறக்கத்தையும் கெடுத்துவரும் ஒரு விஷயத்தையே இச்சபையின் முன் வைக்கிறோம்.

எமது மூத்த மகன் கோயம்புத்தூரில் கணிப்பொறிப் படிப்பை முடித்தான். ஆளில்லா விமானங்கள் செய்யும் நிறுவனமொன்று அவனுக்கு வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. சம்பளம் எமது சம்பளத்தினும் அதிகம். எவ்வளவு அதிகம் என்பதைச் சபையில் கூற நாணமாக இருக்கிறது. வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானமும் அங்கே செய்கிறார்கள். குண்டு சுமந்து செல்லும் விமானமும் செய்கிறார்கள். பையனைத் தேர்ந்தெடுத்திருப்பது இரண்டாவது பிரிவுக்கு.

"போகலாமா, அப்பா?" என்று கேட்டான். இதுவரை விடை சொன்னோமில்லை.

இஃது எமது வீட்டுக் கதை மாத்திரம் அன்று. நாம் வாழும் பாலக்காட்டுக் கணவாயின் இருபுறத்தையும் எண்ணிப் பாருங்கள். வாளையாற்றைத் தாண்டினால் கோயம்புத்தூர். 2019 ஜனவரி 20ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், திருச்சி ஆகியவற்றோடு அவ்வூரும் ஒன்று. இப்புறம் நமது கஞ்சிக்கோட்டில் 2010 முதல் பெமல் தொழிற்சாலை இராணுவத்துக்கான வண்டிகளைச் செய்து வருகிறது. பாலக்காட்டு ஐ.ஐ.டி. 2015இல் வந்தது. நம் தந்தைமார் காலத்தில் பிள்ளை தேறினால் ரயில்வே, தவறினால் பஞ்சாலை. இன்றோ காலனியில் மூன்றில் ஒரு வீட்டுப் பிள்ளையாவது நிரல் எழுதக் கற்கிறது. அந்நிரல் எதை இயக்கப் போகிறது என்று கேட்கும் வழக்கம் மட்டும் நம்மிடையே இன்னும் வரவில்லை.

முதலில் பணக்கணக்கைப் பார்ப்போம். அது எமக்குப் பழகிய துறை. 2025-26ஆம் ஆண்டுக்கான மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கென ஒதுக்கப்பட்டது 6,81,210 கோடி ரூபாய். அதே திட்டத்தில் ரயில்வேயின் மூலதனச் செலவுக்குப் பொது நிதியிலிருந்து கிடைத்தது ஏறத்தாழ 2,52,000 கோடி. இரண்டையும் அடுத்தடுத்து எழுதி ஒப்பிடுவது முழு நியாயம் அன்று. ரயில்வேக்குத் தன் சொந்த வருமானமும் உண்டு. உலகம் முழுவதும் 2024இல் இராணுவத்துக்குச் செலவானது 2,71,800 கோடி டாலர் என்று ஸ்டாக்ஹோமிலுள்ள ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது.

இத்தொகையைக் கண்டு, "இதில் பாதி பள்ளிக்கூடங்களுக்குப் போகலாகாதா?" என்று நாம் ஒருநாள் திண்ணையில் அங்கலாய்த்தோம். எதிர்வீட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தார் அண்ணாச்சி நாளிதழை மடித்து வைத்தார். "தம்பி, அந்தத் தொகையில் 1,60,795 கோடி பென்ஷன். அதில் என் அரிசியும் இருக்கிறது. மிச்சத்தையும் சொல்கிறேன் கேளும். மலைமேல் காவல் நின்றபோது, முன்னே என்ன இருக்கிறது என்று பார்த்துவர ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பிய ஆள் திரும்பவில்லை. அன்றைக்கு அந்தப் பறக்கும் பொறி ஒன்று இருந்திருந்தால், அவன் இன்று உம்மைப்போல் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான்" என்றார். எமக்கு மறுமொழி எழவில்லை. 2024 ஜூலை 30ஆம் நாள் வயநாட்டில் மலை சரிந்தபோது, சூரல்மலையில் 190 அடி நீளப் பாலத்தை இரண்டு நாளுக்குள் போட்டுக் கொடுத்தவர்கள் இராணுவத்தின் மதராஸ் பொறியாளர் படையினரே அல்லவா? அப்பாலமும் இராணுவச் செலவில் சேர்ந்ததுதான்.

பறக்கும் பொறியின் பயனை நாமும் கண்ணாரக் கண்டிருக்கிறோம். 2022 பிப்ரவரி 7ஆம் நாள் மலம்புழை குறும்பாச்சி மலையில் ஓர் இளைஞர் பாறையிடுக்கில் அகப்பட்டுக்கொண்டார். ஆளில்லாச் சிறு விமானம் எடுத்த படத்தில் அவர் செங்குத்தான பாறையில் ஒட்டிக்கொண்டு அமர்ந்திருந்ததை நம் காலனி முழுதும் கண்டது. இரண்டு இரவுகள் கழிந்து, 9ஆம் நாள் காலையில், மேலிருந்து கயிற்றில் இறங்கிய இராணுவ வீரர் ஒருவரே அவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தம் உடலோடு பிணைத்து மேலே கொண்டுசென்றார். நமது இல்லப் பெண்டிர் அன்று கண்ணீர் விட்டது அந்தத் தண்ணீர்ப் புட்டியைப் பார்த்து.

எனவே, பொறியே வேண்டாம் என்று கூறுவோரோடு எமக்கு உடன்பாடில்லை. எமது தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. அதை முதலில் தொட்டவர் எமது இல்லாள். அவர் இடுக்கி மாவட்டத்துப் பீர்மேட்டுத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தாயார் கொழுந்து பறித்தவர். "மேட்டிலிருந்து பார்த்தால் தேயிலைக்குள் நிற்கிற பெண்ணும் தெரியாது, கூடையும் தெரியாது, ஏதோ ஒரு புள்ளி அசையும். அந்தப் புள்ளி என் அம்மாவா, வேறொருத்தியா என்று பக்கத்தில் போய்த்தான் சொல்ல முடியும். இவன் பொறி எவ்வளவு பக்கத்தில் போகும்?" என்று கேட்டார். புறநானூற்றில் நெட்டிமையார், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும்போது, அம்பு விடுமுன் பசுக்களையும் பெண்டிரையும் பிணியுடையோரையும் அரண் சேருமாறு அறிவிக்கும் அறத்தைப் போற்றுகிறார். அறிவிக்க வேண்டுமாயின் எதிரே இருப்பவர் யார் என்பது முதலில் தெரிய வேண்டும்.

ஆளில்லா விமானம் என்றாலும் இன்று பெரும்பாலானவற்றில் ஆள் உண்டு; மேலே இல்லை, தரையில் இருக்கிறார். நம் ரயில்வேக்காரர் அனைவருக்கும் அரக்கோணம் தெரியும். அங்குள்ள கடற்படை விமானத் தளத்திலிருந்து 2020 முதல் குத்தகைக்கு எடுத்த அமெரிக்க ஆளில்லா விமானங்கள் கடலைக் கண்காணித்து வந்தன. 2024 அக்டோபரில் அவ்வகையில் 31 வாங்க நம் நாடு ஒப்பந்தம் செய்துகொண்டது. தரையிலிருப்பவர் பார்க்கிறார், முடிவு செய்கிறார். இனி வருவதாகச் சொல்லப்படுவது, பொறியே பார்த்துப் பொறியே முடிவு செய்யும் வகை.

அங்கேதான் நிரல் எழுதுவோன் வருகிறான். நிரலில் நேரும் சிறு பிழை என்ன செய்யும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம். 1991 பிப்ரவரி 25ஆம் நாள், வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில், வரும் ஏவுகணையை எதிர்த்துச் சுடவேண்டிய பேட்ரியட் என்னும் அமெரிக்கப் பொறி ஏவுகணையைச் சுடவேயில்லை. படையினர் தங்கியிருந்த கூடத்தில் அது விழுந்து 28 பேர் மாண்டனர். காரணத்தைத் தேடிய போது கிடைத்தது ஒரு கடிகாரக் கணக்கு. அப்பொறி நேரத்தை நொடியின் பத்திலொரு பங்காக எண்ணியது. கணிப்பொறியின் எண் முறையில் பத்திலொன்றை முழுதாக எழுத இயலாது; ஒரு ரூபாயை மூவருக்குப் பங்கிட்டால் எப்போதும் ஒரு காசு மிஞ்சுவதுபோல், கடைசியில் ஒரு சிறு துணுக்கை வெட்டிவிட வேண்டும். வெட்டிய துணுக்கு ஒன்றுமில்லாத அளவுதான். ஆனால் பொறி நூறு மணி நேரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. துணுக்குகள் சேர்ந்து நொடியில் மூன்றிலொரு பங்கு ஆயிற்று. அதற்குள் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும்; ஆகவே பொறி வானத்தில் வேறிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருத்திய நிரல் மறுநாள் வந்து சேர்ந்தது.

பார்சல் பேரேட்டில் ஒரு பைசா பொருந்தாவிட்டால் இரவு பத்து மணிவரை விளக்கேற்றி உட்காரும் ஜாதி நாம். இக்கதையைப் படித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. மகனிடம் கூறினோம். அவனோ, "அப்பா, நான் போகாவிட்டால் அந்த நிரலை வேறொருவன் எழுதத்தான் போகிறான். அவன் துணுக்கைக் கவனியாமல் விட்டால்?" என்றான். பிள்ளை நம்மைவிட நன்றாகப் படித்துவிட்டான் என்பது பெற்றோருக்குப் பெருமையும் இடைஞ்சலும் ஆகும்.

இனி நம் ரயில்வேக்கு வருவோம். பழைய கைகாட்டியின் அமைப்பை இங்குள்ள இளைஞர் பலர் பார்த்திருக்கமாட்டார்கள். கம்பியை இழுத்தால்தான் கை தாழும், வண்டி வரலாம். கம்பி அறுந்துவிட்டால் எடைக்கல்லின் பாரத்தால் கை தானே மேலெழுந்து 'ஆபத்து' என்று நிற்கும். எது பழுதானாலும் வண்டி நிற்க வேண்டும், இதுவே விதி. இன்றைய மின்னணுச் சமிக்ஞைகளும் அதே விதிக்கு உட்பட்டவையே. அதற்கும் மேலாக, நிலைய அதிகாரிகள் இருவர் தம்முள் இரகசிய எண் பரிமாறிக்கொண்டு பதிவேட்டில் குறிக்கிறார்கள். விபத்து நேர்ந்தால் யார், எப்போது, எந்த எண்ணைக் கொடுத்தார் என்பது அங்கே இருக்கும்.

கையொப்பம் இல்லாத முடிவு எப்படிப்பட்டது என்பதை எமது அன்னையார் அனுபவித்தார். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய குடும்ப ஓய்வூதியம் மூன்று மாதம் நின்றுவிட்டது. விசாரித்ததில், அவர் காலமாகிவிட்டதாகக் கணிப்பொறியில் பதிவாகியிருக்கிறது என்றார்கள். அன்னையாரை நேரே அழைத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குச் சென்றோம். மேசைக்குப் பின்னிருந்தவர் தலைநிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் இருப்பது எனக்குத் தெரிகிறது பாட்டி. ஆனால் திரையில் அப்படித்தான் காட்டுகிறது" என்றார். அவர் நல்ல மனிதர், அவர்மேல் குறையில்லை. அப்பதிவைச் செய்தவர் யார் என்று கேட்டோம். அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. பிற்பாடு பணம் வந்து சேர்ந்தது. ஆனால் தம்மை இறந்தவராக எழுதிய கை எது என்பது தெரியாமலே அன்னையார் இன்றும் இருக்கிறார். தசரா விடுமுறையில் கூடிய பேரப்பிள்ளைகளிடம் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். ஓய்வூதியப் பட்டியலில் நேர்ந்ததால் சிரிக்க முடிந்தது.

உலகத்தில் இதைப்பற்றிப் பேச்சு நடவாமல் இல்லை. 2018இல் கூகிள் நிறுவனத்தின் ஊழியர் ஏறத்தாழ நாலாயிரம் பேர், ஆளில்லா விமானப் படங்களை ஆராயும் இராணுவப் பணியை விட்டுவிடுமாறு கையொப்பமிட்டு விண்ணப்பித்தனர். நிறுவனமும் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆயுதத்துக்குத் தம் அறிவைத் தருவதில்லை என்று அப்போது அளித்த உறுதிமொழியை 2025 பிப்ரவரியில் நீக்கிவிட்டது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் 2023 டிசம்பரில் தாமே முடிவெடுக்கும் கொலைக்கருவிகளைப் பற்றிய தீர்மானத்துக்கு 152 நாடுகள் ஆதரவாகவும் 4 நாடுகள் எதிராகவும் வாக்களித்தன. எதிர்த்த நான்கில் நம் நாடும் ஒன்று. ஜெனீவாவில் ஏற்கெனவே நடக்கும் பேச்சே போதும் என்பது நம் அரசின் நிலை. சர்க்கார் ஊழியராகிய நாம் அதற்கு மேல் பேச நடத்தை விதிகள் இடந்தரா.

சென்ற ஞாயிறன்று கைகாட்டியின் கதையை மகனிடம் விரித்துரைத்தோம். அவன் மகிழ்ந்து, "எங்கள் பொறியிலும் அப்படித்தான் அப்பா. தரையோடு தொடர்பு அறுந்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும்படி எழுதுவது வழக்கம்" என்றான். எமக்குப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. ஆனால் அவன் சற்றுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "ஆனால் போரில் எதிரி முதலில் செய்வதே தொடர்பை அறுப்பதுதான். எல்லாப் பொறிகளும் திரும்பிவிட்டால் பயனில்லை. அதனால் தொடர்பு அறுந்தாலும் தானே இலக்கைத் தேடிச் செல்லும்படி எழுதச் சொல்கிறார்கள்" என்றான்.

கம்பி அறுந்தால் நிற்பது நம் வண்டி. கம்பி அறுந்தால் தொடர்ந்து செல்வது அவர்கள் பொறி. ஹவில்தார் அண்ணாச்சியிடம் இதைக் கூறியபோது அவரும் உடனே ஒன்றும் சொல்லவில்லை. "சுட்டவன் பெயர் எங்களிடம் எப்போதும் இருக்கும், தம்பி" என்றார் கடைசியில்.

வேலைக் கடிதத்தோடு ஓர் ஒப்பந்தப் பத்திரமும் வந்திருக்கிறது. இரண்டாண்டு முடியுமுன் பிள்ளை விலகினால் பணம் கட்டவேண்டும். அதற்குத் தகப்பன் ஜாமீனாகக் கையொப்பமிட வேண்டும். மகன் அந்நிறுவனத்துக்கு இரண்டு கேள்விகள் எழுதி அனுப்பியிருக்கிறான்: தொடர்பு அறுந்தபின் எதைச் சுடுவது என்பதை முடிவு செய்தவர் பெயர் எங்கே பதியப்படும்? அப்பகுதியை எழுத விரும்பாதவனுக்கு வேறு பகுதி தருவார்களா? பதிலை எதிர்பார்த்திருக்கிறோம். வந்தாலும் வராவிட்டாலும் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பத்திரம் போய்ச் சேரவேண்டும். இல்லாள் அதை இரும்புப் பெட்டியில், எமது அன்னையாரின் ஓய்வூதியப் புத்தகத்தின்மேல் வைத்துப் பூட்டியிருக்கிறார். நாளொன்றுக்கு நூறு கையொப்பமிடும் குமாஸ்தா நாம். இந்த ஒன்றை இன்னும் இடவில்லை.