கம்பளி வணிகரும் பீஜித் தீவுகளும்

1814 ஆம் ஆண்டில் இலங்கைக் கரையில் வந்திறங்கிய மெதடிஸ்த ஊழியருள் ஜேம்ஸ் லிஞ்ச் என்பவர் ஒருவர். யாழ்ப்பாணத்திலே அச்சபையின் பணியைத் தொடக்கிவைத்தவர் அவர். அயர்லாந்து நாட்டவர். அதே நாட்டின் வடகோடியில், டொனகல் பகுதியில், 1809 ஆம் ஆண்டிலே மெதடிஸ்தப் போதகர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவரே வில்லியம் மக்ஆர்தர். இவர் போதகராகவில்லை, வணிகரானார். ஆயினும் இவருடைய செயலின் பயன் தமிழ் மக்களின் வாழ்வையும் வந்து தொட்டது.

இளமையிலே ஆடை வணிகர் ஒருவரிடம் தொழில் பயின்ற வில்லியம், பின்னர் லண்டன்டெரி நகரிலே சொந்தமாகக் கம்பளி வாணிகம் தொடங்கினார். அவர் தம்பி அலெக்சாந்தர் அவுஸ்திரேலியாவுக்குச் சென்று சிட்னியில் கடை வைத்தார். அண்ணன் அனுப்பிய துணிகளைத் தம்பி விற்றார். 1851 ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியாவிற் பொன் கண்டெடுக்கப்பட, குடியேற்றம் பெருகிற்று. துணிக்கும் கிராக்கி பெருகிற்று. 1857 இல் வில்லியம் தம் வாணிகத்தை இலண்டனுக்கு மாற்றினார்.

நேர்மையாக ஈட்டுக, வீண்செலவின்றிச் சேமிக்க, சேமித்ததைத் தாராளமாகக் கொடுக்க என்பது மெதடிஸ்த சபையை நிறுவிய ஜோன் வெஸ்லி பொருள் பற்றிக் கற்பித்த நெறி. அந்நெறியில் வளர்ந்த வணிகருள் ஒருவர் மக்ஆர்தர். பெல்பாஸ்ற் நகரின் மெதடிஸ்தக் கல்லூரியிலே மாணவியருக்கென எழுந்த விடுதி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

செல்வத்தின் பின் அரசியல் வந்தது. 1865 இல் தேர்தலில் நின்று தோற்றார். 1868 இல் லம்பெத் தொகுதியில் வென்று 1885 வரை பாராளுமன்றத்தில் இருந்தார். 1880 இல் இலண்டன் மாநகர முதல்வராகவும் தெரிவானார்.

பாராளுமன்றத்திலே அவர் விடாது பற்றி நின்ற விடயம் பீஜி. அக்காலத்திற் பசிபிக் தீவு மக்களை வஞ்சகத்தாலும் வன்முறையாலும் கப்பலேற்றிப் பீஜியிலும் குயின்ஸ்லாந்திலும் தோட்ட வேலைக்கு ஒப்படைக்கும் கொடிய வாணிகம் நடைபெற்றது. பீஜியைப் பிரித்தானிய அரசு பொறுப்பேற்றாலன்றி இது ஒழியாது என மக்ஆர்தர் வாதிட்டார். 1872 இலும் 1873 இலும் அவர் கொண்டுவந்த பிரேரணைகளைக் கிளாட்ஸ்டன் அரசாங்கம் ஏற்கவில்லை. ஆட்சி மாறிற்று. 1874 ஒக்டோபர் 10 ஆந் திகதி பீஜி பிரித்தானிய முடியின் கீழ் வந்தது. அவர் எண்ணம் நிறைவேறிற்று.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1875 இல் பரவிய சின்னமுத்து நோயினால் ஏறக்குறைய நாற்பதினாயிரம் பீஜியர் மாண்டனர். முதல் தேசாதிபதியாக வந்த சேர் ஆதர் கோர்டன், எஞ்சிய மக்களின் நிலத்தையும் கிராம வாழ்வையும் காக்க விரும்பினார். அவர்களைத் தோட்டங்களுக்கு அனுப்பாது விடுவதாயின் கரும்பு வெட்டுவோர் யார்? விடை இந்தியாவிலே தேடப்பட்டது. 1879 இல் முதற் கப்பல் கல்கத்தாவிலிருந்து பீஜியை அடைந்தது. 1916 வரை அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. தமிழரும் தெலுங்கரும் அவற்றில் இருந்தனர். அக்கரும்புத் தோட்டத்துப் பெண்களின் துயரையே பின்னாளிற் பாரதியார் பாடினார். கோர்டன், 1883 முதல் 1890 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்து, கலாவெவ என்னும் பழங்குளத்தைத் திருத்துவித்தவருமாவார்.

மக்ஆர்தர் ஒப்பந்தக் கூலிமுறையை நாடியவரல்லர். மனிதரைக் கடத்துவதை நிறுத்தவே அவர் போராடினார். எனினும், தோட்டத்துக்கு மலிவான உழைப்பு வேண்டும் என்ற தேவையை அவர் கண்ட வெற்றி தொடவில்லை. ஒரு தீவின் மக்களிடமிருந்து விலகிய சுமை மற்றொரு நாட்டு ஏழைகளின் தோளில் ஏறிற்று.

வன்னி மக்களுக்கு இது தொலைதூரத்துக் கதையன்று. கோப்பிக்கும் தேயிலைக்குமாகத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தனர். வழியில் இறந்தோர் பலர். அவர்களின் வழித்தோன்றல்கள் 1948 இன் பின் குடியுரிமை இழந்தனர். 1958 இலும் 1977 இலும் நிகழ்ந்த வன்செயல்களால் இடம்பெயர்ந்து, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பங்கள் பல. கூலியாகக் கொண்டுவரப்பட்ட இனத்தார் இங்கே உழவராயினர்.

1887 இல், இலண்டன் சுரங்க இரயில் வண்டியொன்றிற் பயணஞ் செய்கையில் மக்ஆர்தர் திடீரென உயிர்நீத்தார். முதலாவது இந்தியக் கப்பல் பீஜியை அடைந்து அப்போது எட்டாண்டுகள் கழிந்திருந்தன. அவரது ஈகையும் உறுதியும் போற்றற்குரியன. ஆனால், ஒரு துன்பத்தை நீக்க முயல்வோர், அது நீங்கிய பின் அதன் பாரத்தைச் சுமக்கப்போகிறவர் யார் என்பதையும் கேட்டல் வேண்டும். அக்கேள்வியை அன்று இலண்டனிலே எவரும் உரக்கக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்களோ அப்போது தஞ்சாவூரிலும் திருச்சியிலும் தம் வயல்களில் நின்றுகொண்டிருந்தனர்.